நான்காவது வரி

1

என் வேலை, மனிதர்களுக்கு விழுங்கக் கற்றுக்கொடுப்பது. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். "முழுங்குறதுக்கு ஒரு படிப்பா? அப்ப மெல்லுறதுக்குத் தனியா காலேஜு இருக்கா?" என்று என் கல்யாணத்தில் ஒருவர் பந்தியே கேட்கும்படி கேட்டார். படிப்பு இருக்கிறது. பக்கவாதம் கையையும் காலையும் மட்டும் தாக்குவதில்லை. பலருக்குத் தொண்டையையும் தளர்த்திவிடும். அப்போது குடிக்கிற தண்ணீர் உணவுக்குழாய்க்குள் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சிலருக்கு இருமல்கூட வராது. சத்தமில்லாமல் நெஞ்சில் போய்ச் சேர்ந்து, சில நாட்களில் நிமோனியாவாகத் தெரியவரும். அதைத் தடுப்பதும், தொண்டையைப் பழையபடி பழக்குவதும் என் தொழில்.

மஸ்கட்டில் ஒரு மருத்துவமனைக்கு வந்து ஏழு வருடங்கள் ஆகின்றன. கணவர் ரியாஸ் துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளர். மகள் ஹனாவுக்கு ஆறு வயது. காலை ஏழு மணிக்கு நான் வார்டில் இருக்க வேண்டும். கோட்டுப் பையில் எப்போதும் நான்கு பொருள்கள் இருக்கும்: டார்ச், நாக்கை அழுத்தும் குச்சி, சின்னக் கரண்டி, அன்றைய நோயாளிகளின் பட்டியல். பட்டியல் இல்லாமல் எனக்கு எதுவும் ஓடாது. வந்த புதிதில் அரபியில் 'விழுங்கு' என்கிற ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அது ஆண்களுக்குச் சொல்கிற வடிவம் என்று தெரியாமல், வயதான ஓமானியப் பெண்களை எல்லாம் மூன்று மாதம் 'விழுங்குடா' என்று அதட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சிரித்தால் புரையேறும் என்பதால்தான் ஒரு நர்ஸ் கடைசியில் என்னைத் திருத்தினார்.

இதெல்லாம் முன்பு. கடந்த ஒரு வருடத்தில் பெரும்பகுதி இந்த வேலையை நான் கைப்பழக்கத்தில்தான் செய்துவந்தேன். இன்ஷூரன்ஸ் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பமும் கொடுத்திருந்தேன். அங்கே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். யாருடைய வாயையும் பார்க்க வேண்டியதில்லை.

2

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தா திருப்பாலைக்குடியில் வலையும் கயிறும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் பகலில் கடையிலேயே பக்கவாதம் வந்தது. பன்னிரண்டு நாள் விடுப்பில் ஓடினேன். வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சு குழறியது. நானே தொண்டையைச் சோதித்தேன். கஞ்சி போலக் கெட்டியாக இருந்தால் ஒழுங்காக இறங்கியது. வெறும் தண்ணீர் தப்பான வழியில் போனது. இங்கிருந்து கொண்டுபோன பொடியைத் தண்ணீரில் கலந்து கெட்டியாக்கிக் கொடுக்க அம்மாவுக்குப் பழக்கினேன். கிளம்புகிற அன்று கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்.

1. படுக்க வைத்து எதுவும் கொடுக்கக் கூடாது. நேராக உட்கார வைக்க வேண்டும்.
2. சின்னக் கரண்டியில் மட்டும். ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது.
3. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது.
4. தண்ணீரை அப்படியே கொடுக்கவே கூடாது. எக்காரணம் கொண்டும்.
5. ஒரு நாளைக்கு இரண்டு வேளை பல்லும் நாக்கும் சுத்தம் செய்ய வேண்டும்.

நான்காவது வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

அத்தா அதைப் படித்துவிட்டுக் குழறலாகக் கேட்டார்: "ஏம்மா, தொழுகைக்கு ஒளுச் செய்யத் தண்ணி உண்டு, குடிக்கத் தண்ணி கெடையாதா? இது எந்தக் கிதாபுல இருக்கு?"

"என் கிதாபுல இருக்கு, அத்தா."

"ஓங் கிதாபு ரொம்பக் கண்டிப்பா இருக்கே."

அம்மா சிரிக்கவில்லை. அவள் அந்தத் தாளை மார்க்கச் சட்டம்போல எடுத்துக்கொண்டாள். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் ஜூஸ் கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவாள். "ஒரு வாய்த் தண்ணி நெஞ்சுக்குள்ள போனாலும் உசுருக்கே ஆபத்துன்னு எம் மக சொல்லியிருக்கா" என்பாள். அது நான் சொன்ன வாசகம்தான், வார்த்தை மாறாமல்.

பதினோரு வாரம் ஓடியது. அத்தாவுக்கு ஒரு தடவைகூட நெஞ்சில் சளி கட்டவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாவது தாக்கு வந்தது. நான் அப்போது எக்ஸ்ரே அறையில் ஒரு நோயாளிக்குப் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். போன் லாக்கரில் இருந்தது. வெளியே வந்து பார்த்தபோது அம்மாவிடமிருந்து ஒன்பது அழைப்புகளும் ஒரு குரல் செய்தியும் இருந்தன.

"எம்மா, அத்தா தண்ணி கேக்குறாக. மூச்சு ஒரு மாதிரி இருக்கு. ஜம்ஜம் தண்ணி எடுத்து வச்சிருக்கேன். குடுக்கட்டுமா? போனை எடு தாயி. குடுக்கட்டுமா, வேணாமா?"

அந்தச் செய்திக்குப் பின்னால், முப்பது நிமிடம் கழித்து, மாமா அனுப்பிய மரணச் செய்தி, இன்னா லில்லாஹி, இருந்தது.

எங்கள் பக்கத்தில் உயிர் பிரிகிற நேரத்தில் வாயில் ஜம்ஜம் தண்ணீர் விடாமல் யாரையும் அனுப்புவதில்லை. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்த சின்ன பாட்டில் எல்லா வீட்டு அலமாரியிலும் அதற்காகவே இருக்கும். என் அம்மா அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என் அனுமதிக்குக் காத்திருந்திருக்கிறாள். நான் எடுக்கவில்லை. மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? சிவப்பு மையில் கோடு போட்டவள் நான்.

3

அதற்குப் பிந்தைய வருடத்தைப் பற்றி அதிகம் எழுத இல்லை.

லைசென்ஸ் புதுப்பிக்கும் அலுவலகத்துக்கு ஆறு முறை போனேன். பாஸ்போர்ட்டில் அத்தாவின் பெயர்தான் என் கடைசிப் பெயர் என்பதால், கவுண்டரில் "ஜமால்! ஜமால்!" என்று கூப்பிடுவார்கள். பட்டப்படிப்புச் சான்றிதழில் வெறும் 'ஜெ' என்ற இனிஷியல் மட்டுமே இருந்தது. 'ஜெ'யும் ஜமாலும் ஒருவரே என்று நிரூபிக்க ஊரிலிருந்து ஒரு கடிதம், அதற்கு ஒரு முத்திரை, அந்த முத்திரை உண்மைதான் என்று இன்னொரு முத்திரை. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரோ அத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நோயாளிகளுக்கு வீட்டுக்கான பட்டியல் எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். மருத்துவமனையின் அச்சிட்ட தாளைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஹனா வீட்டில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து ஆஸ்பத்திரி விளையாட்டு விளையாடுவாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. ஒரு நாள் கரடி பொம்மையின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, "நோ வாட்டர் ஃபார் யூ" என்றாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

4

மூன்று மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை காலை. இங்கே விடுமுறை. இந்திய எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"திருப்பாலைக்குடி டாக்டரம்மாவா? நா உப்பூருல இருந்து முத்துலட்சுமி பேசுறேன்."

"நான் டாக்டர் இல்லைங்க. நீங்க யாரு?"

"எங்கய்யா கருப்பையாவுக்கு வாதம் வந்துருச்சுக்கா. நீங்க எழுதுன பேப்பருபடிதான் பாத்துக்கிட்டு இருக்கோம். ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல. ஆனா தண்ணி தண்ணின்னு கெடையா கெடக்காக. நேத்துலருந்து ஒண்ணுக்கும் போகல. அதான், நாலாவதுல கொஞ்சம் விட்டுக் குடுக்கலாமான்னு கேக்கலாம்னு..."

"எந்தப் பேப்பர்?"

"சேர் ஆட்டோவுல ஒங்க அம்மா குடுத்தாகள்ல, போட்டோ. செவப்புல கோடு போட்டது. ஒங்க நம்பரும் அவுகதான் குடுத்தாக."

நான் அத்தாவுக்காக எழுதிய தாள் அது. அத்தாவின் தொண்டையைச் சோதித்து, அந்தத் தொண்டைக்கு மட்டும் எழுதியது. அது யாரென்றே தெரியாத ஒரு மனிதரைத் தாகத்தில் போட்டிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆறு நாள். கெட்டிக் கஞ்சி மட்டும் கொடுத்திருக்கிறார்கள். கெட்டியாக்கும் பொடி அவர்களிடம் இல்லை. இருக்கிறதென்றே தெரியாது.

"ஆஸ்பத்திரியில தொண்டையில கோளாறுன்னு சொன்னாங்களா?"

"அப்படி ஒண்ணும் சொல்லலையே. கையி காலுதான் வரலன்னாக. வாதம்னா தண்ணி ஆகாதுன்னு பேப்பருல இருந்துச்சு..."

வீடியோவில் காட்டச் சொன்னேன். பின்னால் ஒரு குரலை அவள் விரட்டினாள்: "ஏலே முருகா, போனை ஆட்டாம புடிலே. அய்யா மூஞ்சிய காட்டுடான்னா கூரையக் காட்டுறான்." கருப்பையாவின் நாக்கு உலர்ந்து வெடித்திருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. இந்த நிலையில் வாய்வழியாகக் கொடுத்துப் பார்ப்பது என் வேலை அல்ல. உடனே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப் ஏற்றச் சொன்னேன். அவள் தம்பி முருகன் லோடு வண்டி ஓட்டுகிறவன். அந்த வண்டியிலேயே மெத்தையைப் போட்டுக் கிளம்பினார்கள். நான் மஸ்கட்டில் துணி மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

5

மூன்றாம் நாள் அவர் தெளிந்தார். பணியில் இருந்த டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொல்லிப் பேசினேன். "தொண்டையில் பிரச்சினை என்று நாங்கள் எழுதவே இல்லையே, யார் தண்ணீரை நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். என் வேலை என்னவென்று விசாரித்தார். பிறகு, சோதித்துப் பாருங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார்.

வீடியோவில் தொண்டையைச் சோதிக்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். நேராக உட்கார்ந்திருக்கிறாரா, வேண்டுமென்றே பலமாக இரும முடிகிறதா, விழுங்கும்போது தொண்டைச் சங்கு மேலே ஏறி இறங்குகிறதா, விழுங்கிய பின் இருமல் வருகிறதா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா. சங்கு ஏறி இறங்குவதுதான் முக்கியம். அது ஏறுகிற அந்த நொடியில்தான் மூச்சுக்குழாய் மூடிக்கொள்கிறது.

ஆயிரம் முறையாவது செய்திருப்பேன். அன்று முத்துலட்சுமி கரண்டியைத் தூக்கியபோது, "வேண்டாம், நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். கரண்டி அப்படியே நின்றது. படுக்கையிலிருந்து கருப்பையா திரையை முறைத்தார்.

"யாருத்தா இந்தப் புள்ள? தண்ணிய மூஞ்சிக்கு நேரா காட்டிப்புட்டு வேணாங்குது?"

"இந்தக்கா சொன்னாத்தான்யா தரணும்."

"அப்பச் சொல்லச் சொல்லு. சாயங்காலம் வரைக்கும் யோசிக்கும் போலருக்கு."

சொன்னேன். கரண்டி உள்ளே போனது. சங்கு ஏறியது, இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணினேன். இருமல் இல்லை. 'ஆ' சொல்லச் சொன்னேன். குரல் சுத்தமாக இருந்தது.

"கேன் தண்ணியா இது? சப்புன்னு இருக்கு" என்றார். பிறகு மகளிடம், "இன்னொரு கரண்டி ஊத்துடி, கஞ்சப் பிசினாறி."

ஐந்து கரண்டி. பிறகு டம்ளர். அவர் தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை. இருந்ததே இல்லை.

6

அன்று மாலையே அம்மாவைக் கூப்பிட்டேன். அந்தப் போட்டோவை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறாள் என்று கேட்டேன்.

"எண்ணியா வச்சிருக்கேன்? வாதம்னு காதுல விழுந்தா குடுத்துருவேன். நல்லது நாலு பேருக்குப் போகட்டுமே."

"அது அத்தாவுக்கு மட்டும் எழுதுனதும்மா. ஊருக்கெல்லாம் இல்ல. ஒரு ஆளு தண்ணியில்லாமச் சாகப் பாத்தாரு."

"நீதானே எழுதுன."

"அந்த நாலாவது வரிய அடிச்சிரு. யாருக்கும் குடுக்காத."

"மத்ததை எதை வேணாலும் அடி. நாலாவதை மட்டும் அடிக்காத" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். என் அம்மா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. வயதாகிறது, பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு நினைவிருந்த வரைக்கும் பெயர்களை மாமா மூலமாக வாங்கி எழுதினேன். ஒன்பது பேர். தங்கச்சிமடத்தில் ஒருவர், ஆஸ்பத்திரி மருந்துக்கடை வரிசையில் அம்மாவுக்கு அறிமுகமானவர். மற்றவர்கள் எங்கள் ஊரைச் சுற்றி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ரியாஸ் போனதும் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். இரண்டு பேர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார்கள். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மூன்று பேருக்கு அந்தத் தாள் உண்மையிலேயே தேவைப்பட்டது. மீதிப் பேர் காரணமில்லாமல் பயந்துகொண்டிருந்தார்கள்.

தங்கச்சிமடத்துக்காரர் சூசை, விசைப்படகில் தொழில் பார்த்தவர். தொண்டை நிஜமாகவே பழுது. அவர் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா பூசையில நன்மை வாங்கணும்னு அடம் புடிக்காரு. அந்த அப்பம் காஞ்சுபோயி இருக்குமேம்மா, தொண்டையில ஒட்டிக்கிட்டா?" முன்பென்றால் 'கொடுக்கக் கூடாது' என்று எழுதியிருப்பேன். இப்போது ஒரு வாரம் யோசித்தேன். அந்த நற்கருணை அப்பத்தை மிகச் சின்னத் துண்டாகக் கிள்ளித் தர முடியுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்கச் சொன்னேன். தருகிறேன் என்றாராம். கடுகளவு துண்டை ஒரு கரண்டி கெட்டிக் கஞ்சிக்குள் வைத்து விழுங்க வீடியோவில் பழக்கினோம், சாதாரண அப்பத்தை வைத்து. நான்கு வாரம் ஆனது. அதற்கு முன் யாருக்காவது எதையாவது 'கொடுக்கலாம்' என்று சொல்வதற்காக நான் நான்கு வாரம் உழைத்ததாக நினைவில்லை.

மருத்துவமனையிலும் தாளில் கையால் எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் கேள்வியாக, 'என்ன குடிக்க ஆசைப்படுகிறார்?' என்று கேட்கிறேன். ஏலக்காய் போட்ட கஹ்வா என்கிறார்கள், மோர் என்கிறார்கள். அதிலிருந்து தொடங்குகிறேன். களைப்பு போய்விடவில்லை. மாலையில் பஸ் நிறுத்தத்தில் அதே களைப்போடுதான் நிற்கிறேன். மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, கையெழுத்துப் போட வாருங்கள் என்று நிர்வாகப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் எழுதும் கட்டத்தில் 'வேலை இருக்கிறது' என்று எழுதினேன். அந்தப் பெண் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

7

நேற்று அத்தாவின் வருஷ பாத்திஹா, முதலாண்டு நினைவு ஓதல். விடுப்பு கிடைக்கவில்லை. ஓதி முடித்து, வந்தவர்கள் நெய்ச்சோறு சாப்பிட்டுப் போன பிறகு அம்மா வீடியோவில் வந்தாள். ஹனா எட்டிப் பார்த்து "ஸலாம் நன்னி" என்று பாட்டிக்குச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். நான் சூசையின் கதையைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தாளுக்குக் குடுக்கலாம்னு நீயே சொன்னியா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப மீறுனா உசுரு போயிரும்னு சொன்னது?"

"அது ஆளுக்கு ஆள் மாறும்மா."

அவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"நா மீறிட்டேன் தாயி. நீ போனை எடுக்கல. மாமா ஆட்டோ புடிக்கப் போயிட்டான். ரூம்புல நா ஒருத்திதான். அத்தா கேட்டாக, குடுத்துட்டேன். காமணி நேரத்துல போயிட்டாக. நாந்தான்... நீ அவ்வளவு சொல்லியும்... அதான் ஊருல இருக்குற அம்புட்டுப் பேருக்கும் அந்தப் பேப்பரைக் குடுத்தேன். நா செஞ்ச தப்பை வேற ஒருத்தி செய்யக் கூடாதுன்னு."

நான் மகளாகப் பேசவில்லை. வேலையில் கேட்கிற கேள்விகள்தான் வந்தன.

"எவ்வளவு குடுத்தம்மா?"

"பாட்டில் மூடியால ஒரு மூடி. ஜம்ஜம்."

"படுத்திருந்தாங்களா?"

"தூக்கி எம் மேல சாச்சுக்கிட்டேன். நேரா. நீ சொன்னபடிதான்."

"இருமுனாங்களா?"

"இல்ல."

"சங்கு ஏறி எறங்குச்சா?"

"ஏறி எறங்குச்சு. கையை வச்சுத்தான் பாத்தேன். அப்பறம் அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னாக. தெளிவாத்தான் சொன்னாக."

அத்தாவின் தொண்டைக்காக நான் பதினோரு வாரம் கடலுக்கு இந்தப் பக்கமிருந்து பயிற்சி சொல்லிக்கொண்டிருந்தேன். குரல் ஈரமில்லாமல், இருமல் இல்லாமல், ஒரு மூடி வெறும் தண்ணீர்.

"அம்மா, அது நல்லாத்தான் உள்ள போயிருக்கு. போக வேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்கு. அந்தத் தண்ணியால எதுவும் ஆகல. காமணி நேரத்துல தண்ணி யாரையும் கொல்லாது. அதுக்கு நாள் கணக்குல ஆகும். ரெண்டாவது தாக்கு வந்தப்பவே மூச்சு எறங்க ஆரம்பிச்சிருச்சு."

"எனக்காகச் சொல்றியா?"

"நோயாளி வீட்டாளுககிட்ட நா பொய் சொல்றதில்லம்மா."

ஒரு வருடமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது அவளிடம் சொன்னேன். அத்தா தாகத்தோடு போனார், என் வார்த்தைக்குக் காத்திருந்து போனார் என்று நினைத்திருந்ததை. அந்தக் குரல் செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருப்பதையும் சொன்னேன்.

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. முக்காட்டை இறக்கிவிட்டாள். கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"போடி பைத்தியக்காரி. நீ சொல்லலன்னா? தண்ணி குடுக்காம அனுப்புவேனாடி அந்த மனுசன?"